பின்னுதைப்பு இயக்கக் கைத்துப்பாக்கி

பின்னுதைப்பு இயக்கம் என்பது, சுடும்போது துப்பாக்கியில் பின்னோக்கி எழும் உந்தத்தைக் கொண்டே வெற்று உறையை வெளியேற்றி, அடுத்த தோட்டாவைக் குழலின் அறைக்குள் ஏற்றும் முறையாகும். டிரிக்கரை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு மட்டுமே பாயும். மறுமுறை சுடுவதற்கான ஆயத்தத்தைத் துப்பாக்கி தானே செய்துகொள்ளும். ஆகவே இது அரைத் தானியங்கி எனப்படுகிறது. ஜான் பிரௌனிங் வடிவமைத்து, 1911 இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட எம்1911 இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

அடிப்படைச் சிக்கல்

எம்1911 இல் பயன்படும் .45 தோட்டா வெடிக்கையில், அறையினுள் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 1400 மடங்கு வரை அழுத்தம் உண்டாகலாம். அந்நிலையில் அறை திறந்தால், தாங்குவாரற்ற மெல்லிய பித்தளை உறை கிழிந்து சூடான வளிமம் சுடுபவர் பக்கம் சீறும். எனவே குண்டு குழலை விட்டு நீங்கும் வரை அறை மூடியிருக்க வேண்டும். நீங்கியபின் தானாகத் திறக்கவும் வேண்டும்.

உந்தமும் ஆற்றலும்

உந்தக் காப்பு விதிப்படி, குண்டு முன்னோக்கிப் பெறும் உந்தத்திற்குச் சமமான உந்தம் துப்பாக்கிக்குப் பின்னோக்கிக் கிடைக்கிறது. குண்டின் நிறை சுமார் 15 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 250 மீட்டர். குழலும் ஸ்லைடு எனப்படும் நகரும் மேற்பகுதியும் சேர்ந்து 500 கிராம் எனக் கொண்டால், அவற்றின் வேகம் நொடிக்கு 7.5 மீட்டர் ஆகும். குண்டு குழலினுள் 11 செ.மீ. கடப்பதற்குள் அவை 3 மி.மீ. அளவே பின்னகரும். இந்தக் குறுகிய நேரத்தில் அறையை மூடி வைப்பதில் சுருள்வில்லின் பங்கு மிகச் சிறிது. பூட்டும் நிறையுமே முதன்மையானவை.

உந்தம் சமமாயினும் ஆற்றல் சமமன்று. மேற்கண்ட கணக்கில் குண்டின் இயக்க ஆற்றல் சுமார் 470 சூல். பின்னகரும் பகுதிக்குக் கிடைப்பது 14 சூல் மட்டுமே. சுழற்சி முழுவதும் இச்சிறு பங்கைக் கொண்டே நடைபெறுகிறது.

சுழற்சி

# குழலின் மேலுள்ள வரம்புகள் ஸ்லைடின் பள்ளங்களில் பொருந்தியிருப்பதால் இரண்டும் பூட்டப்பட்டு ஒன்றாகப் பின்னகர்கின்றன.
# குண்டு வெளியேறி அழுத்தம் தணிந்தபின், குழலின் அடியிலுள்ள இணைப்புத் துண்டு அதன் பின்முனையைக் கீழே இழுக்கிறது, பூட்டு விடுபடுகிறது.
# குழல் நின்றுவிட, ஸ்லைடு நிலைமத்தால் தொடர்ந்து செல்கிறது. அதிலுள்ள கொக்கி வெற்று உறையை இழுக்க, உறை ஒரு முனையில் மோதி வெளியே தெறிக்கிறது. சுத்தியல் பின்தள்ளப்படுகிறது, சுருள்வில் அமுங்குகிறது.
# விரியும் சுருள்வில் ஸ்லைடை முன்தள்ளுகிறது. அது அடுத்த தோட்டாவை அறைக்குள் செலுத்தி, குழலுடன் மீண்டும் பூட்டிக்கொள்கிறது.

பூட்டில்லா அமைப்பு

ஆற்றல் குறைந்த தோட்டாக்களுக்குப் பூட்டு தேவையில்லை. குழல் அசையாதிருக்க, ஸ்லைடின் நிறையே அறை திறப்பதைத் தாமதப்படுத்தும். பிரௌனிங்கின் 7.65 மி.மீ. எம்1900 இவ்வகையைச் சேர்ந்தது. வலிமையான தோட்டாவிற்கு இம்முறையைக் கையாண்டால் ஸ்லைடு மிகவும் கனமாக வேண்டியிருக்கும்.

சுழற்சி தடைப்படல்

ஸ்லைடு சட்டகத்தைச் சார்ந்தே பின்னகர வேண்டும். பிடி தளர்ந்திருந்தால் சட்டகமும் உடன் பின்செல்லும். சார்பு இயக்கம் குறைந்து வெற்று உறை இடையில் சிக்கக்கூடும். குண்டில்லாத வெற்றுவேட்டுத் தோட்டாவிலும் போதிய உந்தம் எழுவதில்லை. அதனாலேயே திரைப்படங்களில் வெற்றுவேட்டுக்குப் பயன்படும் இவ்வகைத் துப்பாக்கிகளின் பூட்டும் குழலும் மாற்றியமைக்கப்படுகின்றன.