மதலை எடுப்பு

சுடுமண் குதிரைக்குக் கிடைத்த புகழில் நூற்றில் ஒரு பங்குகூடச் சுடுமண் குழந்தைக்குக் கிடைக்கவில்லை. புதுக்கோட்டையை அடுத்த நமணசமுத்திரத்தில் அய்யனாரைப் பார்க்கப் போகும் வழியில் வரிசைகட்டி நிற்கும் குதிரைகளைப் படமெடுக்காத பயணி குறைவு. 1968இல் பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் இந்தியக் கிராமக் கலைகளுக்குக் கண்காட்சி நடத்திய ஸ்டெல்லா கிராம்ரிஷ், அய்யனாரின் மண்குதிரைகளைப் பற்றி விரிவாக எழுதினார். டெல்லி கைவினை அருங்காட்சியகத்துக்கும் அந்தக் குதிரை போய்ச் சேர்ந்தது. கோயிலில் நிற்கும் குதிரையின் காலடியில் முழங்கால் உயரத்துக்கும் கீழே, மூக்கு உடைந்து, பாசி படிந்து நிற்கும் பிள்ளை உருவத்தைத் தேடி யாரும் வந்ததாகத் தெரியவில்லை.

அதற்கு மதலை என்று பெயர். புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கத்து ஊர்களில், மண்குதிரைகளைக் கோயிலுக்குச் சுமந்துபோகும் புரவி எடுப்பு நடக்கும்போது, குதிரைகளுக்குப் பின்னால் மதலைகளும் காளைகளும் நாகங்களும் கை கால் உருவங்களும் தலைச்சுமையாக வரும். குதிரை பெரும்பாலும் ஊரின் நேர்த்தி. மழை வேண்டியும் விளைச்சலுக்கு நன்றி சொல்லியும் ஊர் சேர்ந்து எடுப்பது. சிங்கம்புணரி போன்ற ஊர்களில் அரண்மனைப் புரவி என்று சமஸ்தானத்தின் பேரிலேயே ஒன்று முதலில் புறப்படும். மதலை அப்படியல்ல, அது ஒரு வீட்டின் சமாச்சாரம். பிள்ளை வரம் கேட்டு வைப்பவர்கள் உண்டு. பிறந்த பிள்ளை காய்ச்சலிலோ அம்மையிலோ கிடந்து, கைவிட்டுப் போகும் நிலையில், "பொழச்சு எந்திரிச்சா ஒரு மதலை செஞ்சு வைக்கிறேன்" என்று ஒரு தாய் வாய்விட்டுச் சொன்ன சொல்லுக்காக வைப்பதும் உண்டு.

அந்தச் சொல்லின் கனம் தெரிய வேண்டுமானால் பெரியம்மை இருந்த காலத்துக்குப் போக வேண்டும். அதன் கடுமையான வகை, தாக்கியவர்களில் பத்துக்கு மூன்று பேரைக் கொண்டுபோகும். பிழைத்தவர்களில் பலருக்கு முகம் முழுக்கத் தழும்பு, சிலருக்குப் பார்வை போகும். ஆனால் ஒருமுறை வந்து போனால் அநேகமாக ஆயுளுக்கும் திரும்பாது. அதனால் நோய் அடிக்கடி சுற்றிவந்த ஊர்களில் பெரியவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே தப்பித்தவர்களாக இருந்தார்கள். புதிதாக அதன் கையில் சிக்கியவர்கள் பிள்ளைகளே.

வீட்டில் முத்து போட்டுவிட்டால் அதை நோய் என்று சொல்ல மாட்டார்கள். அம்மா வந்திருக்கிறாள். வாசலில் வேப்பிலை தொங்கும், அடுப்பில் தாளிப்பு நிற்கும், வெளியாட்கள் உள்ளே வரமாட்டார்கள். கொப்புளம் காய்ந்து அம்மை இறங்கியதும் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். அன்றுதான் அந்த வீடு மூச்சு விடும். நேர்ந்துகொண்டதை நிறைவேற்றும் நினைப்பும் அப்போது எழும். உடனே நடக்காது. அறுவடை முடிய வேண்டும், ஊர் கூடிப் புரவி எடுப்புக்கு நாள் குறிக்க வேண்டும். அதற்குள் பிள்ளை ஆடு மேய்க்கப் போயிருக்கும்.

செய்கிறவர் வேளார். குலாலர், குயவர், உடையார் என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். பல அய்யனார் கோயில்களில் பூசாரியும் இவரே. புரவி எடுப்புக்கு நாள் வைத்ததும் ஊரார் கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து வேளாரிடம் கொடுப்பார்கள். பிடிமண் என்ற அந்தச் சடங்கில்தான் ஒப்பந்தம் முடிகிறது, எழுத்து கிடையாது. கண்மாய் மண்ணைச் சலித்து, மணலும் உமியும் கலந்து, காலால் மிதித்துப் பதமாக்குவார்கள். உமி கலப்பதற்குக் காரணம் உண்டு. சூளையில் அது எரிந்துபோய் மண்ணுக்குள் நுண்துளைகளை விட்டுச்செல்லும். கனமான உருவம் வெடிக்காமல் வேக அது உதவும். பெரிய குதிரைக்குக் கால்களை உருளைகளாக நிறுத்தி, அவை ஓரளவு இறுகிய பிறகு உடலை வளையம் வளையமாக ஏற்றிப் பலகையால் தட்டி எழுப்புவார்கள். மதலைக்கு அவ்வளவு பாடில்லை. கைபழகிய வேளார் பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்து முடிப்பார். காய்ந்ததும் வைக்கோலும் வறட்டியும் மூடிச் சுட்டு, சுண்ணாம்பு பூசி, காவியும் மஞ்சளும் தீட்டுவார்கள். எடுப்பு நாளில் கண் திறந்த பிறகுதான் அது மதலை, அதுவரை சட்டி பானையோடு ஒரு மண்சாமான்.

கவனிக்க வேண்டியது, வேளார் அந்தப் பிள்ளையைப் பார்த்துச் செய்வதில்லை என்பது. சாயல் கேட்டு யாரும் வருவதுமில்லை. ஆணா பெண்ணா என்பது போதும். அம்மைத் தழும்பை மண்ணில் குத்திக் காட்டுவதில்லை, சூம்பிய காலைச் சூம்பியபடி செய்வதில்லை. கால் நேர்ந்தவர் வைப்பது நேரான, திடமான கால். மதலை நிற்கும், கண்ணை அகல விழித்திருக்கும். நோயில் கிடந்த பிள்ளையின் படமென்று அதைச் சொல்ல முடியாது. தாய் அன்று இரவு எந்தப் பிள்ளையைக் கேட்டாளோ, அதன் உருவம் அது. கலை விமர்சகர்கள் இதை எளிமை என்று கடந்துவிடுவார்கள். எளிமை அல்ல, தேர்வு என்றே தோன்றுகிறது. நோயையே உருவமாக்கும் மரபும் இதே மண்ணில், இதே வேளார் கையில் இருக்கிறதே!

அது ஆயிரங்கண் பானை. தேனி மாவட்டத்து வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா போன்றவற்றில் தீச்சட்டிகளுக்கு நடுவே, உடலெங்கும் துளையிட்ட பானைகள் வேப்பிலையோடு தலையில் வரும். அம்மன் ஆயிரம் கண்ணுடையாள். உடம்பில் பூத்த முத்துகள் அவள் கண்கள். அந்தக் கண்களைப் பானையில் துளைகளாக்கிச் சுமந்து கொண்டுபோய் அவளிடமே திருப்பித் தந்துவிடுகிறார்கள். மதலை நலத்தைக் காட்டுகிறது, பானை நோவைக் காட்டுகிறது. வலங்கைமான் மகாமாரியம்மன் கோயிலில் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். சாகக் கிடந்து பிழைத்தவர் பங்குனியில் பாடைக்காவடி எடுப்பார். பச்சை மூங்கிலில் பாடை கட்டி அவரைப் பிணம்போலக் கிடத்தி, உறவினர் ஒருவர் முன்னால் தீச்சட்டி ஏந்த, மேளத்தோடு கோயிலைச் சுற்றுவார்கள். பூசாரி தீர்த்தம் தெளித்ததும் எழுந்து வருவார். வராமல் போன சாவை ஊரறிய நடித்துக் காட்டி முடிக்கும் இந்தச் சடங்கை நாடகம் என்று சொன்னால் கோயில்காரர்கள் கோபப்படக்கூடும், ஆனால் இதைவிடத் துணிச்சலான நாடகம் எது?

வசதி இருந்தால் மண் உலோகமாகும். சமயபுரத்துக் கடைகளில் கண்மலரும் கை கால் தகடுகளும் கிடைக்கும். வைத்தீஸ்வரன்கோயிலில் உடலின் எந்த உறுப்புக்கும் வெள்ளித் தகடு உண்டு. வேளாங்கண்ணியில் இதே வழக்கம் மாதாவின் சந்நிதியில் நடக்கிறது. மோர் விற்ற கால் ஊனமான ஏழைச் சிறுவன் மாதாவின் அருளால் எழுந்து நாகப்பட்டினம் வரை நடந்தான் என்பது அந்தத் தலத்தின் ஆதிக்கதைகளில் ஒன்று. கோயிலே ஒரு பிள்ளை பிழைத்ததிலிருந்து தொடங்குகிறது எனலாம். அங்குள்ள காணிக்கை அருங்காட்சியகத்தில் பொன்னிலும் வெள்ளியிலும் செய்த உருவங்கள், நன்றிக் கடிதங்களோடு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. உண்டியலில் விழும் வெள்ளித் தகடுக்கு அந்தப் பேறு இல்லை, அது உருக்கப்படும்.

இந்த வழக்கத்துக்கு எழுத்துச் சான்று தேடினால் வெளியாட்களிடமே போக வேண்டியிருக்கிறது. தரங்கம்பாடியில் இருந்த ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்க் 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு நூல் எழுதி, அய்யனாரையும் மாரியம்மனையும் அதில் சேர்த்தார். ஜெர்மனிக்கு அனுப்பிய கையெழுத்துப் பிரதி அச்சேறவில்லை. 1867இல்தான் சென்னையில் அச்சானது. சென்னை அருங்காட்சியகத்தை நடத்திய, மருத்துவம் படித்த எட்கர் தர்ஸ்டன், 1912இல் வெளியிட்ட நூலில் நேர்த்திக்கடன்களுக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். நூலின் தலைப்பில் 'மூடநம்பிக்கை' என்ற சொல் இருந்தது வேறு கதை. மதுரைப் பக்கத்து வேளார்களோடு பழகி அவர்கள் தொழிலைப் பற்றியே தனி நூல் எழுதியவர் கனடாக்காரரான ஸ்டீபன் இங்லிஸ். 1980இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது. வேளார் செய்யும் சாமான்கள் அழிவதற்கென்றே செய்யப்படுபவை என்பது அவர் அழுத்திச் சொன்ன செய்தி. சமையல் பானையைப்போலத்தான் சாமி உருவமும். மழையில் சிதையும், மாடு முட்டி உடையும், அடுத்த எடுப்புக்குப் புதியது வரும். பழையதைத் தூக்கி ஒட்டவைக்கும் வழக்கம் இல்லை.

மெக்சிகோவில் இதற்கு நேர் எதிரான வழியைப் பிடித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் மலிவான தகரத் தகடு கிடைக்கத் தொடங்கியதும், நோயிலிருந்தும் விபத்திலிருந்தும் தப்பியவர்கள் கிராமத்து ஓவியரிடம் சொல்லிச் சிறு படம் வரைவித்துத் தேவாலயத்தில் மாட்டினார்கள். மேலே மேகத்தில் மாதாவோ புனிதரோ, நடுவில் கட்டிலில் கிடக்கும் பிள்ளை, கீழே நாலு வரி: பெயர், ஊர், நாள், என்ன நோய், எப்படிப் பிழைத்தது. ஆறு வயதில் இளம்பிள்ளைவாதத்துக்குத் தப்பிய ஓவியர் ஃபிரிடா காலோ, கணவர் தியேகோ ரிவேராவுடன் சேர்ந்து இத்தகைய தகரப் படங்களை நானூறுக்கும் மேல் சேர்த்து வைத்திருந்தார். காலோவின் சொந்த ஓவியங்களிலேயே அந்தத் தகரப் படங்களின் அளவும் நேரடித்தன்மையும் தெரியும். அந்த நாலு வரியை வைத்து ஒரு வரலாற்றாசிரியர் மெக்சிகோ ஊர் ஒன்றின் நோய்க் கணக்கை ஓரளவு எழுதிவிடலாம். நம் மதலைகளை வைத்து எழுத முடியாது. எந்தப் பிள்ளை, எந்த ஆண்டு, என்ன நோவு என்பதெல்லாம் தாய்க்கும் சாமிக்கும் மட்டுமே தெரிந்த கணக்கு. பிழைத்த தலைமுறைகள் நம்மிடம் விட்டுச்சென்ற ஆவணம் இவ்வளவு கலையாக இருந்தும் இவ்வளவு ஊமையாக இருப்பது நஷ்டம்தான்.

பெரியம்மை போன கதைக்கு ஆவணம் தாராளம். இந்தியாவில் முதல் அம்மைப்பால் குத்தல் 1802இல் பம்பாயில், ஒரு மூன்று வயதுக் குழந்தைக்கு நடந்தது. பின்னாளில் கிண்டி கிங் நிறுவனம் சென்னை மாகாணத்துக்கே அம்மைப்பால் தயாரித்தது. நாட்டின் கடைசி நோயாளி 1975 மே மாதத்தில் கண்டறியப்பட்டார். 1980இல் உலகமே விடுபட்டதென்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. இயற்கையான வைரஸால் வரும் இளம்பிள்ளைவாதமும் 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் பதிவாகவில்லை. ஆனால் மாரியம்மன் வேலை இழந்துவிடவில்லை. சின்னம்மை வந்தாலும் வாசலில் வேப்பிலை கட்டுகிறார்கள், தலைக்கு ஊற்றுகிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து நேர்ந்துகொள்வதும் நடக்கிறது.

மாறியது பொருள். சுண்ணாம்பும் காவியும் போய் எனாமல் பெயின்ட் வந்தது. சிமென்ட் உருவங்களும் வந்தன. அவை மழைக்குச் சிதையாது, இருபது முப்பது ஆண்டு நிற்கும், வேளாருக்கு அடுத்த ஆர்டர் வராது. கண்மாயில் மண் அள்ள அனுமதிக்காக அலைய வேண்டிய நிலையில் இதுவும் சேர்ந்துகொண்டது. புதுச்சேரி வில்லியனூர் முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சுடுமண் வேலைக்கு அது பெரிய கௌரவம். ஆனால் அவர் வழியில் போகிறவர்களுக்குக் கண்காட்சியும் நகரத்து வீட்டு வரவேற்பறையும்தான் சந்தை. ஊர் வேளாருக்குச் சந்தை கோயில்தான்.

சிமென்ட் உருவத்தோடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது. பீடத்தில் 'உபயம்' என்று தொடங்கி, பெயர், ஊர், தேதி. சில இடங்களில் பிள்ளையின் பெயரையும் போடுகிறார்கள். என்ன நோய் என்று மட்டும் இன்னும் யாரும் எழுதுவதில்லை.