பருத்தியும் பிணையமும்: உள்நாட்டுப் போருக்கு முந்தைய அமெரிக்கா

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1861இல் உள்நாட்டுப் போர் மூள்வதற்கு முந்தைய எழுபது ஆண்டுகளைப் பற்றி எழுதுவோர், தெற்கே அடிமைகளின் உழைப்பில் நடந்த தோட்டங்களையும் வடக்கே கூலி உழைப்பில் நடந்த ஆலைகளையும் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, முன்னதைப் பழமையின் எச்சமாகவும் பின்னதைப் புதுமையின் வரவாகவும் காட்டுவது நெடுநாள் வழக்கம். வசதியான இந்தப் பிரிவினையை அக்காலத்துக் கணக்கேடுகள் ஆதரிக்கவில்லை. வங்கி, கடன் பத்திரம், நீராவிப் படகு, எந்திர ஆலை எனப் புதிய பொருளாதாரம் கொண்டுவந்த ஒவ்வொரு கருவியும் அடிமை முறையைத் தளர்த்துவதற்கு மாறாக அதை இறுக்கியது. அதை எதிர்த்து எழுந்த சீர்திருத்தவாதிகளும் சவுக்கை எதிர்ப்பது எளிது, கணக்கேட்டை எதிர்ப்பது அரிது என்பதை மெல்ல மெல்லத்தான் கண்டுகொண்டனர்.

தொடக்கம் ஒரு சிறு எந்திரத்தில் இருக்கிறது. அமெரிக்கத் தெற்கின் உள்நிலங்களில் விளைந்த குறுஇழைப் பருத்தியில் பஞ்சு கொட்டையை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும். ஒருவர் நாள் முழுவதும் கையால் பிரித்தாலும் ஓர் இறாத்தல் பஞ்சு தேறுவதே பெரும்பாடு என்பதால், கடலோரத் தீவுகளில் மட்டும் வளரும் நீளிழைப் பருத்தியைத் தவிர மற்றது வாணிகப் பயிராகவில்லை. ஜார்ஜியாவின் சவானா நகருக்கு அருகிலிருந்த ஒரு தோட்டத்தில் விருந்தினராகத் தங்கியிருந்த ஈலை விட்னி 1793இல் உருவாக்கிய அரவை எந்திரம், அதாவது பற்கள் பொருத்திய உருளையைச் சுழற்றிப் பஞ்சை இழுத்துக் கொட்டையைப் பின்தங்கச் செய்யும் அமைப்பு, இந்தத் தடையை நீக்கியது. 1790இல் சில ஆயிரம் பொதிகளாக இருந்த விளைச்சல் 1860 வாக்கில் ஏறக்குறைய 40 இலட்சம் பொதிகளை எட்டியது. அரவையின் வேலையை எந்திரம் குறைத்ததே தவிர, விதைப்பும் களையெடுப்பும் பறிப்பும் கையால்தான் நடந்தாக வேண்டியிருந்தது. ஆகவே உழைப்பை மிச்சப்படுத்த வந்த எந்திரம் உழைப்பவர்களுக்கான தேவையைப் பன்மடங்காக்கியது. 1790இல் சுமார் 7 இலட்சமாக இருந்த அடிமைகளின் தொகை 1860இல் 40 இலட்சத்தைத் தொட்டது.

புதிய நிலமும் புதிய கைகளும் எங்கிருந்து வந்தன என்பது தனிக்கதை. 1830இல் நிறைவேறிய செவ்விந்தியர் அகற்றல் சட்டத்தின்கீழ் சோக்டா, கிரீக், சிக்கசா, செரோக்கி ஆகிய மக்கள் தங்கள் மண்ணிலிருந்து மேற்கே துரத்தப்பட்டனர். 1838-39இல் நடந்த செரோக்கி வெளியேற்றத்தில் மட்டும் சுமார் 4,000 பேர் மாண்டதாகக் கணக்கிடப்படுகிறது. இவ்வாறு காலியாக்கப்பட்ட அலபாமா, மிசிசிப்பி நிலங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை 1808 முதல் சட்டம் தடுத்துவிட்டிருந்தமையால், புகையிலை விளைந்து மண் சலித்துப்போன வர்ஜீனியாவும் மேரிலாந்தும் மனிதரை ஏற்றுமதி செய்யும் மாநிலங்களாயின. 1790க்கும் 1860க்கும் இடையில் சுமார் 10 இலட்சம் பேர் இவ்வாறு தெற்கிற்கும் மேற்கிற்கும் பெயர்க்கப்பட்டனர். ஐசக் பிராங்க்ளின், ஜான் ஆர்ம்ஃபீல்டு என்னும் இருவர் 1828இல் அலெக்சாண்டிரியா நகரில் தொடங்கிய நிறுவனம் நேட்செஸ், நியூ ஆர்லியன்ஸ் சந்தைகளுக்குக் கப்பலிலும், சங்கிலி பூட்டி நடத்திச் சென்ற வரிசைகளிலும் ஆட்களை அனுப்பியது. கணவன் ஒரு மாநிலத்திலும் மனைவி வேறொரு மாநிலத்திலும் பிள்ளைகள் இன்னோர் இடத்திலுமாகச் சிதறியது இந்த வணிகத்தின் விபத்தன்று, அதன் அன்றாட நடைமுறை.

இந்த வணிகத்தைத் தாங்கியது கடன். தோட்ட முதலாளி விதைக்கும் காலத்தில் செலவுக்குப் பணம் வாங்கி, அறுவடைக்குப் பின் அதைத் தீர்ப்பவர். அவருக்குக் கடன் கொடுத்து, பருத்தியை விற்றுத் தரும் தரகர் நியூ ஆர்லியன்சிலோ மொபைலிலோ இருப்பார். அந்தத் தரகருக்கு நியூயார்க்கிலும் லிவர்பூலிலும் பணம் கொடுப்போர் இருப்பர். நிலத்தை ஈடு வைப்பதைவிட மனிதரை ஈடு வைப்பது கடன் கொடுப்போருக்கு உவப்பாயிருந்தது. நிலத்தை நகர்த்த முடியாது, ஆளை எந்தச் சந்தைக்கும் ஓட்டிச் சென்று விற்க முடியும். 1827இல் தொடங்கப்பட்ட லூயிசியானாத் தோட்டக்காரர் கூட்டு வங்கியின் அமைப்பு இதன் முதிர்ந்த வடிவம்: தோட்டக்காரர்கள் தம் நிலத்தையும் அடிமைகளையும் ஈடு வைத்துப் பங்குகளைப் பெற, அந்த ஈட்டின் பேரில் மாநில அரசின் உறுதிமொழியோடு கடன் பத்திரங்கள் அச்சிடப்பட்டு, லண்டனின் பேரிங் நிறுவனத்தின் வழியாக ஐரோப்பாவில் விற்கப்பட்டன. தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழிக்க பிரிட்டன் 1833இல் சட்டம் இயற்றிய பின்னும், லண்டனில் ஒருவர் லூயிசியானாவின் அடிமைகளைப் பார்க்காமலேயே அவர்களின் உழைப்பிலிருந்து வட்டி பெற முடிந்தது. ஜே.பி. மார்கன் சேஸ் வங்கி 2005இல் தானே வெளியிட்ட அறிக்கையில், பிற்காலத்தில் தன்னோடு இணைந்த இரு லூயிசியானா வங்கிகள் 1831 முதல் 1865 வரை சுமார் 13,000 அடிமைகளைப் பிணையமாக ஏற்றதாகவும், கடன் தீராதபோது அவர்களில் சுமார் 1,250 பேருக்குத் தாமே உடைமையாளராக ஆனதாகவும் ஒப்புக்கொண்டது.

தவணை நாள் நெருங்க நெருங்க அதன் சுமை பறிப்பவரின் முதுகில் இறங்கியது. நியூயார்க் மாநிலத்தில் சுதந்திரக் குடிமகனாகப் பிறந்து, 1841இல் வாஷிங்டனில் கடத்தப்பட்டு, லூயிசியானாவில் பன்னிரண்டு ஆண்டுகள் அடிமையாயிருந்து மீண்ட சாலமன் நார்தப் 1853இல் வெளியிட்ட நூல், பறிப்புக் காலத்தின் மாலை நேரத்தை விளக்கமாகக் காட்டுகிறது. விடிந்ததும் வயலில் இறங்கியவர்கள் இருட்டிய பின் கூடைகளைத் தலையில் சுமந்து அரவைக் கொட்டகைக்கு வருவர். ஒவ்வொரு கூடையும் நிறுக்கப்படும். வழக்கமான அளவு 200 இறாத்தல், ஏறத்தாழ 90 கிலோ. எடை குறைந்தால் சவுக்கடி. கூடினால் மறுநாள் முதல் அந்தக் கூடுதலே அவருக்குரிய அளவாகிவிடக்கூடும். எனவே களைத்தவர் தராசை நெருங்கியது எப்போதும் அச்சத்தோடுதான். நிறுத்து முடிந்த பிறகும் விறகு வெட்டவும், கால்நடைக்குத் தீனி போடவும், அடுத்த நாள் சோற்றுக்குச் சோளம் அரைக்கவும் வேண்டியிருந்தது.

1837 மே 10ஆம் நாள் நியூயார்க் வங்கிகள் தம் நோட்டுகளுக்குப் பொன்னும் வெள்ளியும் தருவதை நிறுத்தின. பருத்தி விலை சரிந்தது, கடன்கள் முறிந்தன, 1840களின் தொடக்கத்தில் மிசிசிப்பி மாநிலம் தன் பத்திரங்களுக்குப் பணம் தர மறுத்தது, தெற்கின் தோட்டக்காரர் பலர் அடிமைகளை இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு டெக்சாசுக்கு ஓடினர். கடனின் நெருக்கடி தோட்டக்காரரோடு நிற்கவில்லை. 1838இல் மேரிலாந்தின் இயேசு சபைத் துறவியர் தம் தோட்டங்களிலிருந்த 272 பேரை 1,15,000 டாலருக்கு லூயிசியானாவில் விற்று, வந்த பணத்தின் ஒரு பகுதியால் ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைத்தனர். வாங்கியவர்கள் கொடுத்த முன்பணம் 25,000 டாலர். மீதம் பத்தாண்டுத் தவணை. கல்வி, சமயம், வங்கி, தோட்டம் ஆகிய நான்கும் ஒரே விற்பனைச் சீட்டில் அடங்கிய நிகழ்ச்சி இது.

வடக்கு இதில் வெறும் பார்வையாளர் அன்று. 1820களில் மாசசூசெட்சில் எழுந்த லோவல் நகரத்தின் நூற்பு நெசவு ஆலைகள் தெற்கின் பருத்தியில்தான் ஓடின. நியூ இங்கிலாந்து ஆலைகள் அடிமைகளுக்கென்றே முரட்டுத் துணி நெய்து தெற்கிற்கு அனுப்பின. தோட்டங்களில் அந்தத் துணிக்கே லோவல் என்று பெயர் வழங்கியது. ஓர் அடிமை பறித்த பஞ்சு ஆயிரம் மைல் வடக்கே சென்று, கிராமத்திலிருந்து வந்த இளம்பெண்களால் நெய்யப்பட்டு, அவர் உடலுக்கே உடையாகத் திரும்பி வந்தது. ஊதியக் குறைப்பை எதிர்த்து 1834இலும், விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்து 1836இலும் வேலைநிறுத்தம் செய்த இப்பெண்கள், பின்னர் சாரா பேக்லியின் தலைமையில் பத்து மணிநேர வேலைநாளுக்காக மாநிலச் சட்டமன்றத்துக்கு மனு அனுப்பினர். ஆலை முதலாளிகளோ தெற்கோடு இணக்கம் காப்பதையே வாணிகத்தின் அடிப்படையாகக் கொண்டனர். சவுக்கின் அதிபர்களும் தறியின் அதிபர்களும் கூட்டுச் சேர்ந்திருப்பதாகச் சார்லஸ் சம்னர் 1848இல் குற்றம் சாட்டியது மிகையன்று.

அடிமை ஒழிப்பு இயக்கம் இந்தப் பின்னணியில்தான் வளர்ந்தது. ஊர்தோறும் நடந்த சமய எழுச்சிக் கூட்டங்கள் பாவத்தை மெல்ல மெல்லவன்றி உடனே விட வேண்டும் என்று போதித்தன. குடி ஒழிப்புக்குப் பயன்பட்ட அதே தர்க்கம் அடிமை முறைக்கும் திரும்பியது. பாஸ்டனில் வாழ்ந்த கறுப்பினத்தவர் டேவிட் வாக்கர் 1829இல் வெளியிட்ட அறைகூவலும், வில்லியம் லாயிடு கேரிசன் 1831 ஜனவரி முதல் நாள் தொடங்கிய ‘லிபரேட்டர்’ இதழும், 1833இல் பிலடெல்பியாவில் உருவான அமெரிக்க அடிமை எதிர்ப்புச் சங்கமும் இதன் படிகள். எதிர்வினை கடுமையாயிருந்தது. 1835இல் சார்ல்ஸ்டனில் அஞ்சலில் வந்த துண்டுப் பிரசுரங்கள் தீயிலிடப்பட்டன. அதே ஆண்டு பாஸ்டனில் கேரிசனைக் கயிற்றில் கட்டி இழுத்த கும்பலில் சொத்தும் மதிப்பும் உள்ள பெரிய மனிதர்களே நிறைந்திருந்தனர். 1836 முதல் 1844 வரை நாடாளுமன்றக் கீழவை அடிமை முறைக்கு எதிரான மனுக்களைப் படிக்காமலே ஒதுக்கிவைத்தது.

இயக்கத்தின் பல கிளைகளில், வரலாற்று நூல்கள் அவ்வளவாகக் கவனிக்காத ஒன்றே கணக்கேட்டோடு நேருக்கு நேர் மோதியது. அடிமை உழைப்பில் விளைந்த எதையும் வாங்குவதில்லை என்ற உறுதிமொழியோடு குவேக்கர் சமயப் பிரிவினர் முன்னின்று நடத்திய ‘சுதந்திர விளைபொருள்’ இயக்கம் அது. 1830இல் லிடியா வைட் என்பவர் பிலடெல்பியாவில் இத்தகைய கடை ஒன்றைத் திறந்தார்; 1838இல் இதற்கெனத் தேசிய அளவில் சங்கம் அமைந்தது; தப்பியோடும் அடிமைகளுக்குப் புகலிடம் அளித்துப் பெயர் பெற்ற லீவை காஃபின் 1847இல் சின்சினாட்டியில் கடை தொடங்கி, கூலிக்கு ஆள் வைத்துப் பயிரிடும் மிசிசிப்பி விவசாயிகளைத் தேடிப் பருத்தி வாங்கினார். சார்ல்ஸ்டனின் அடிமை உடைமைக் குடும்பத்தில் பிறந்து, அதைத் துறந்து வடக்கே வந்த ஏஞ்சலினா கிரிம்கேயின் திருமணம் 1838 மே 14ஆம் நாள் பிலடெல்பியாவில் நடந்தபோது, விருந்துப் பணியாரத்துக்கான சர்க்கரையும் அடிமைகளின் கை படாததாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதே நாளில் திறக்கப்பட்ட, சீர்திருத்தவாதிகள் பணம் திரட்டிக் கட்டிய பென்சில்வேனியா மண்டபத்தின் கீழ்த்தளத்திலும் இத்தகைய கடை ஒன்று இருந்தது. நான்காம் நாள் இரவில் கும்பல் மண்டபத்தைக் கொளுத்தியது. தீயணைப்போர் அருகிலிருந்த கட்டடங்களை மட்டுமே நனைத்தனர்.

ஆனால் இயக்கத்தை முடக்கியது தீயன்று, சந்தை. கூலி உழைப்பின் பருத்தி கிடைத்தது கொஞ்சம், விலை அதிகம், துணி முரடு. அரவையிலும் நூற்பிலும் மற்றப் பருத்தியோடு அது கலக்காமல் காப்பதே பெரும் செலவு. கேரிசனும் காலப்போக்கில் இதில் நம்பிக்கை இழந்தார். அன்றைய காகிதம் கந்தைத் துணியிலிருந்து செய்யப்பட்டது என்பதை எண்ணினால், அடிமை முறையைக் கண்டித்த இதழ்களின் தாள்களிலும் அடிமைகள் பறித்த பஞ்சு இருந்திருக்கவே வேண்டும்.

அடிமைகளின் கை படாத பருத்திக்கான தேடல் தமிழகத்தையும் எட்டியது. அமெரிக்காவில் கேரிசனோடு பிரசாரம் செய்து திரும்பிய ஜார்ஜ் தாம்சனும் அவர் தோழர்களும் 1839இல் லண்டனில் நிறுவிய பிரிட்டிஷ் இந்தியச் சங்கம், இந்திய உழவர் விளைவிக்கும் பருத்தி லிவர்பூலை நிறைத்தால் அமெரிக்க அடிமை முறை தானே சாயும் என்று வாதிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அக்கறை அறத்தைவிட வரவில் இருந்தது. அது பருத்தி வளர்ப்பைக் கற்பிக்க அமெரிக்கத் தெற்கிலிருந்தே தோட்டக்காரர்களை அழைத்துவந்து, சிலரைக் கோயம்புத்தூருக்கு அனுப்பியது. தாவரவியலறிஞர் ராபர்ட் வைட்டின் பொறுப்பில் 1842 முதல் நடந்த அந்தச் சோதனைப் பண்ணை, அவர் 1853இல் தாயகம் திரும்பும்வரை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. அடிமை முறைக்கு மாற்றாக எண்ணப்பட்ட பருத்திக்கு அடிமை மாநிலத்தார் ஆசிரியராக வந்த முரண்பாட்டைக் கம்பெனியார் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

வடக்கின் மனத்தை மாற்றியது இறுதியில் சட்டமே. தப்பியோடிய அடிமைகளை மீட்டுக் கொடுக்கும் 1850ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிடிபட்டவரை உடைமையாளரிடம் ஒப்படைத்தால் விசாரணை அலுவலருக்கு 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். 1854இல் ஆன்டனி பர்ன்ஸ் என்பவர் பாஸ்டன் தெருக்கள் வழியே படைக்காவலோடு கப்பலேற்றப்பட்டபோது, தெற்கோடு சமரசம் நாடிவந்த நெசவு வணிகர் ஏமஸ் லாரன்ஸ் போன்றோர் அடிமை எதிர்ப்பாளர்களாயினர். கான்சாசில் அடிமை முறை புகாமல் தடுக்கக் குடியேறியவர்கள் எழுப்பிய ஊருக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. பணம் முழுவதும் அவ்வழி திரும்பிவிடவில்லை. பருத்தியே அரசன் என்று தென் கரோலினாவின் ஜேம்ஸ் ஹாமண்டு 1858இல் செனட்டில் முழங்கியபோது, நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தியாகவே இருந்தது. 1861 ஜனவரியில் நியூயார்க் மேயர் பெர்னாண்டோ உட் தம் நகரமும் ஒன்றியத்திலிருந்து பிரியலாம் என்று யோசனை கூறினார்.

போர் நடந்துகொண்டிருக்கையில், 1862 ஏப்ரலில் வாஷிங்டன் நகரின் அடிமைகளை விடுவித்த சட்டம், ஆளுக்குச் சராசரி 300 டாலருக்கு மிகாமல் உடைமையாளருக்கு ஈட்டுத்தொகை அளித்தது. ஒவ்வொருவருக்கும் விலை மதிக்க ஆணையம் பால்ட்டிமோர் அடிமை வணிகர் ஒருவரையே நிபுணராக அழைத்துவந்தது. மாநிலங்களின் உடைமையாளருக்கு அந்தச் சலுகை கிட்டவில்லை. 1865இன் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868இன் பதினான்காம் திருத்தத்தின் நான்காம் பிரிவு, விடுதலையான அடிமைகளுக்கு ஈடு கேட்கும் எந்த உரிமைக் கோரிக்கையும் செல்லாது என்று அறிவித்தது. மனிதரை இனி ஈடு வைக்க முடியாது என்றான அந்த ஆண்டுகளில்தான் தென் மாநிலங்கள் இன்னும் விளையாத பயிரை ஈடாக ஏற்கும் சட்டங்களை இயற்றின. விடுதலை பெற்றவர் வாரத்துக்கு எடுத்த நிலத்தில் விதைக்கும் முன்பே அவர் விளைச்சல் கடைக்காரரின் பேரேட்டில் ஏறத் தொடங்கியது.