குவாசர் ஈர்ப்பு வில்லைகளும் விண்மீன் மண்டலங்களின் நுண்கட்டமைப்பும்

தொலைதூரக் குவாசருக்கும் நமக்கும் குறுக்கே நிற்கும் விண்மீன் மண்டலம் தன் ஈர்ப்பால் ஒளியை வளைத்து, ஒரே குவாசரை இரண்டாகவோ நான்காகவோ காட்டுவதே ஈர்ப்பு வில்லை. இதன் முதல் சான்றான 0957+561ஐ 1979இல் வால்ஷ், கார்ஸ்வெல், வெய்மன் ஆகியோர் கண்டறிந்தனர். குறுக்கிடும் தனி விண்மீன்கூடப் பிம்பத்தின் ஒளிர்வை மாற்றும் என்று அதே ஆண்டில் சாங்கும் ரெஃப்ஸ்டாலும் காட்டினர். இந்தியாவில் கந்தசுவாமி சுப்பிரமணியன், சித்ரே, நரசிம்மா மூவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு, வில்லை மண்டலத்துக்குள் இருக்கும் சிறு பொருள்களும் தனி வில்லைகளாகிப் பிம்பங்களின் ஒளிர்வை ஏற்றி இறக்கும், சிலவற்றை மறைத்தும்விடும் என்று விளக்கியது. பிம்பம் தோன்றும் இடத்தை மண்டலத்தின் மொத்த நிறையே பெரிதும் தீர்மானிக்கிறது. உள்ளே கிடக்கும் சிறு திரள்களைக் காட்டிக்கொடுப்பது ஒளிர்வுதான்.

ஒளிராத கரும்பொருளைப் பற்றிய கோட்பாட்டின்படி நம் பால்வழியைச் சுற்றி இருக்கவேண்டிய கரும்பொருள் திரள்களுக்கு ஈடாகத் துணை மண்டலங்கள் தென்படவில்லை என்ற சிக்கல் 1999இல் எழுந்தது. திரள்களே இல்லையா, அல்லது ஒளியில்லாமல் இருக்கின்றனவா? அதற்கு முந்தைய ஆண்டிலேயே மாவ், ஷ்னைடர் இருவரும் B1422+231 என்ற வில்லையை ஆராய்ந்திருந்தனர். அதில் நெருங்கி நிற்கும் மூன்று பிம்பங்களில் நடுவிலுள்ளது மற்ற இரண்டின் கூட்டுக்கு ஏறக்குறையச் சமமாக ஒளிரவேண்டும். ரேடியோ அளவீட்டில் நடுப்பிம்பத்தை 100 என்று கொண்டால் மற்றவை சுமார் 93, 52, கூட்டினால் 145. வழுவழுப்பான நிறைப்பரவலைக் கொண்டு இதைச் சரிக்கட்ட முடியவில்லை. 2002இல் தலாலும் கோச்சனெக்கும் ஏழு வில்லைகளை ஆராய்ந்து, பிம்பங்கள் உள்ள பகுதியில் நிறையின் ஏறத்தாழ 2 விழுக்காடு சிறு திரள்களில் இருப்பதாகக் கணித்தனர்.

இந்த ஒளிர்வு முரண்பாட்டை விண்மீன்களே உண்டாக்கியிருக்கலாமே என்பது முதல் மறுப்பு. புலனாகும் ஒளிக்கு அது பொருந்தும். ரேடியோ அலை வரும் பகுதியோ ஒரு விண்மீனின் வில்லை விளைவு எட்டும் பரப்பைவிடப் பெரியது. விண்மீன்களின் குறும்பு அதில் கரைந்துவிடும். அடுத்த மறுப்பு வலுவானது: B1555+375 என்ற வில்லையின் முரண்பாட்டைப் பக்கவாட்டில் தெரியும் சாதாரண விண்மீன் தட்டே விளக்கிவிடுகிறது என்று 2016இல் சூவே குழு காட்டியது. எனவே தட்டுள்ள வில்லைகளைத் தனியே பிரித்துப் பார்ப்பது கட்டாயம். வழியில் தற்செயலாகக் குறுக்கிடும் திரள்களும் கணக்கில் சேருமே என்பது மறுப்பே ஆகாது. அவையும் அதே கோட்பாடு எதிர்பார்க்கும் திரள்கள்தாம். 2020இல் கில்மன் குழு இருவகையையும் சேர்த்து எட்டு நாற்பிம்ப வில்லைகளை ஆராய்ந்து, சிறு திரள்கள் உருவாவதைத் தடுக்கக்கூடிய வெதுவெதுப்பான கரும்பொருள் துகளின் நிறைக்கு 5.2 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் என்ற கீழ்வரம்பை முன்வைத்தது. அதன்பின் வெப் தொலைநோக்கியால் 31 வில்லைகளின் நடு அகச்சிவப்பு ஒளிர்வை அளக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. குவாசரைச் சூழ்ந்த சூடான தூசிலிருந்து வரும் அந்த ஒளியும் விண்மீன்களின் தலையீட்டுக்கு எளிதில் ஆட்படாதது.