ஈறு வீக்கமும் வாய்ப்புண்ணும்: இரு மாத்திரைகள் ஓர் ஒப்பாய்வு

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடும் மெர்லிமாவ் செம்பனைத் தோட்டத்து அம்மா ஒருவரையும், மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்க சைக்ளோஸ்போரின் சாப்பிடும் மலாக்கா பட்டணத்துக்காரர் ஒருவரையும் எடுத்துக்கொள்வோம். இருவர் மருந்தும் நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்குவதுதான். ஆனால் வாய்க்குள் அவை காட்டும் குணம் வேறு. பல் வைத்தியத்தில் இருவரையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

சைக்ளோஸ்போரின் ஈறைத் தடிக்க வைக்கும். முன்பற்களின் இடுக்கில் தொடங்கும் வீக்கம் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள் கண்ணில் படும். இரத்த அழுத்தத்துக்கு நிஃபெடிபினோ அம்லோடிபினோ சேர்ந்தால் கூடும். பல்லில் அழுக்குப் படிந்தால் மேலும் கூடும். பல் டாக்டரிடம் தவறாமல் சுத்தம் செய்துவந்தால் ஓரளவு அடங்கும். டாக்ரோலிமஸ் என்ற மருந்துக்கு மாற்றுவதும் ஒரு வழி. அதைச் சிறுநீரக மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மெதுவாக வளரும் தொல்லை என்பதால் கவனிக்க அவகாசம் உண்டு.

மெத்தோட்ரெக்ஸேட்டில் அந்த அவகாசம் கிடையாது. மூட்டுவாதத்துக்கு வாரத்தில் ஒரே நாள் சாப்பிட வேண்டிய மருந்து அது. தினமும் விழுங்கிவிட்டாலோ சிறுநீரகம் தளர்ந்திருந்தாலோ மருந்து உடம்பில் தேங்கி, இரத்த அணுக்களைக் குறைத்து உயிரையே பறிக்கலாம். அதன் முதல் அறிகுறி பல நேரங்களில் வாய்ப்புண்தான். நம் வீடுகளில் வாய்ப்புண் என்றால் 'உடம்புச் சூடு' என்பார்கள். பார்லித் தண்ணீரும் இளநீரும் கொடுத்துக் காத்திருப்பார்கள். எனக்குப் பெரிதும் கவலை தருவது அந்தக் காத்திருப்பு. புண்ணோடு காய்ச்சலோ இரத்தக் கசிவோ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பல்வலிக்குத் தரும் மருந்திலும் ஆபத்து ஒளிந்திருக்கிறது. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் இரண்டும் சைக்ளோஸ்போரினை இரத்தத்தில் ஏற்றிவிடும். டிரைமெத்தோப்ரிம் சேர்ந்த மருந்து மெத்தோட்ரெக்ஸேட்டின் நஞ்சைப் பெருக்கும். கடையில் கேட்டு வாங்கும் ஐபுப்ரோஃபென் இருவருக்குமே ஆகாது, டாக்டர் சொன்னாலொழிய. இருவரும் பிரெட்னிசோலோனும் சாப்பிடலாம். அது கிருமித் தொற்றின் வீக்கத்தையும் காய்ச்சலையும் மறைக்கும். வலி குறைவாக இருப்பதாலேயே பல் நலமாக இருக்கிறது என்று நம்ப முடியாது. வெற்றிலை பாக்கு போடும் வழக்கமும் உண்டென்றால் ஆறாத புண்ணையும் வெள்ளைத் திட்டையும் பல் டாக்டரிடம் காட்டியே தீர வேண்டும். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களை, அதிலும் பெண்களை, அதிகம் தாக்குகிறது.

அந்தக் காலத் தோட்டத்தில் லயத்துக் குடும்பங்களின் நோயெல்லாம் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் ஒருவருக்கே தெரிந்திருந்தது. இப்போது மூட்டுக்கு ஒரு கிளினிக், சிறுநீரகத்துக்கு ஒன்று, பல்லுக்கு இன்னொன்று. மூன்றையும் இணைப்பது நோயாளியின் கையிலுள்ள மருந்துச் சீட்டுதான். சைக்ளோஸ்போரின்காரரைவிட, வாரம் ஒருமுறை மாத்திரை போடும் தோட்டத்து அம்மாவே பெரிய ஆபத்தில் இருக்கிறார் என்பது என் முடிவு. அவர் புண்ணை யாரும் நோயாகப் பார்ப்பதில்லை.

ஆகவே பல் கிளினிக்குக் கிளம்பும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பல் பிடுங்கவேண்டியிருந்தாலும் எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.