ஒரு படத்தின் வயதும் நான்கு பேரின் ஆயுளும்

"பழைய படம்தானே, யார் வேண்டுமானாலும் போட்டுக் காட்டலாம்" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஜெர்மனியில் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. அங்கே எடுக்கப்பட்ட இரண்டு மௌனப் படங்களைப் பாருங்கள். 'நொஸ்ஃபெராட்டு' 1922-இல் வந்தது. 'மெட்ரோபோலிஸ்' 1927-இல் வந்தது. இடைவெளி ஐந்தே வருடம். ஆனால் முதல் படம் ஜெர்மனியில் 2020 ஜனவரி 1 அன்று பொதுச்சொத்து ஆகிவிட்டது. இரண்டாவது படத்துக்கு 2047 பிறக்க வேண்டும்! ஏன் இப்படி?

இந்தியச் சட்டம் படம் வெளியான வருடத்தைப் பார்க்கிறது. அந்த வருட முடிவிலிருந்து 60 வருடம், கணக்கு முடிந்தது. ஜெர்மானியச் சட்டமோ படத்தை எடுத்தவர்களின் மரணத்தைப் பார்க்கிறது. ஆசிரியர் இறந்தபின் 30 வருடம் என்றிருந்த பாதுகாப்பு 1934-இல் 50 ஆனது, 1965-இல் 70 ஆனது. ஒரு படத்துக்குப் பலர் உழைக்கிறார்களே, யாருடைய மரணத்தை எடுத்துக்கொள்வது? ஐரோப்பிய உத்தரவை ஒட்டி 1995-இல் இதற்கு விடை வந்தது. முதன்மை இயக்குநர், திரைக்கதை எழுதியவர், வசனம் எழுதியவர், அந்தப் படத்துக்கென்றே இசையமைத்தவர் என நான்கு பேர். இவர்களில் கடைசியாக இறந்தவரிலிருந்து 70 வருடம்.

இப்போது கணக்குப் போடுவோம். நொஸ்ஃபெராட்டுவின் இயக்குநர் முர்னாவ் 1931-இல் இறந்தார். இசையமைத்த ஹான்ஸ் எர்ட்மான் 1942-இல். திரைக்கதை எழுதிய ஹென்ரிக் கலீன் 1949-இல். ஆகவே 2019 முடிவோடு உரிமை தீர்ந்தது. ஒளிப்பதிவாளர் ஃபிரிட்ஸ் ஆர்னோ வாக்னர் 1958 வரை வாழ்ந்தார், ஆனால் அவர் இந்த நால்வர் பட்டியலில் இல்லை. இருந்திருந்தால் 2028 வரை நீண்டிருக்கும்.

மெட்ரோபோலிஸுக்கு இசையமைத்த ஹுப்பெர்ட்ஸ் 1937-இலும், கதை எழுதிய தியா ஃபான் ஹார்பூ 1954-இலும் இறந்தனர். இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங் 1976 வரை இருந்தார். அவருடைய நீண்ட ஆயுள்தான் படத்தை 2046 முடியும்வரை பூட்டி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் இதே படம் 2023-லேயே பொதுச்சொத்து!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நொஸ்ஃபெராட்டு 'டிராகுலா' நாவலை அனுமதி வாங்காமல் எடுத்த படம். நாவலாசிரியரின் மனைவி ஃபுளோரன்ஸ் ஸ்டோக்கர் வழக்குப் போட்டார். 1925-இல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லி ஜெர்மன் நீதிமன்றம் உத்தரவிட்டது. தப்பிப் பிழைத்த சில பிரதிகளால்தான் இன்று நாம் அதைப் பார்க்கிறோம்.

மெட்ரோபோலிஸும் வெட்டிச் சுருக்கப்பட்ட படம். காணாமல் போன காட்சிகளில் பெரும்பகுதி 2008-இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரில், ஒரு 16 மி.மீ. பிரதியில் கிடைத்தது. உரிமை வைத்திருக்கும் முர்னாவ் அறக்கட்டளை அதைச் சேர்த்து 2010-இல் படத்தைப் புதுப்பித்தது. உரிமையில் வரும் பணம் இப்படிப் பழைய படங்களைக் காக்கவும் உதவுகிறது என்பதை மறுக்க முடியாது.

ஆனாலும் என் மனதில் ஒரு கேள்வி நிற்கிறது. சட்டம் மனிதர்களின் ஆயுளை எண்ணுகிறது. படச்சுருளுக்கும் ஓர் ஆயுள் உண்டே, அதை யார் எண்ணுவது? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே?