மண்ணுக்குள் இறங்கிய நஞ்சு

போபால் என்றதும் 1984 டிசெம்பர் 2ஆம் திகதி இரவே நம் நினைவிற்கு வருகின்றது. நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட இரவு அது. ஆயின், அந்நகரின் நீருக்கு நேர்ந்த கேட்டிற்குக் குறித்ததொரு நாளில்லை.

யூனியன் காபைட் நிறுவனத்தின் பூச்சிகொல்லி ஆலை 1969இல் அங்கு தோன்றியது. அதன் கழிவுகள் விபத்திற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே ஆலை வளவினுள் கொட்டப்பட்டன. 1977இல் வெளியே கழிவுநீரை ஆவியாக்கும் குளங்கள் வெட்டப்பட்டன, அவையும் கசிந்தன. மழைதோறும் நஞ்சு மண்ணினூடே இறங்கியது. அந்நீரையே அயலிலிருந்த ஏழை மக்கள் குழாய்க்கிணறுகளில் இறைத்துக் குடித்தனர்.

குளோரின் சேர்ந்த கரைப்பான்கள் பல நீரினும் கனத்தவை; ஆழத்திற் சென்று தங்குபவை. எனவே, நச்சுமண்ணை அகற்றாது நீரை மட்டும் இறைத்துச் சுத்திகரிப்பது தீராத வேலையாகும்.

1998இல் நிலம் மாநில அரசின் கைக்கு மீண்டது. 2001இல் நிறுவனத்தை டௌ கெமிக்கல் வாங்கியது. பொறுப்பை ஏற்க மறுத்தது. தூய குடிநீர் வழங்குமாறு 2004இல் உச்ச நீதிமன்றம் பணிக்க நேர்ந்தது.

2025இல் ஏறத்தாழ 337 தொன் கழிவு பீதம்பூருக்கு எடுத்துச்செல்லப்பட்டு எரிக்கப்பட்டது. அது களஞ்சியத்திற் கிடந்த கழிவு மாத்திரமே. மண்ணுள் இறங்கியதை அந்நெருப்பு தீண்டவில்லை.

இலாபம் கடல்கடந்து சென்றது. நஞ்சு கிணற்றடியில் நின்றது. ஆலையின் உரிமை கைமாறலாம். அது விட்டுச்சென்ற கடன் கைமாறி மறைதல் நீதியாகுமா?