அமெரிக்கக் கால்பந்துத் தலைக்கவசம்

பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுபவரை மோதி வீழ்த்துவதுமாக நடக்கும் அமெரிக்கக் கால்பந்தில் ஆட்டக்காரர்கள் கட்டாயமாக அணியும் காப்பு இது. கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, உள்ளே திண்டுகள், முகத்துக்கு முன்னால் கம்பிக்கூண்டு, தாடைப்பட்டை ஆகியவை இதன் உறுப்புகள். மண்டையோடு உடைவதையும் மூளைக்குள் ரத்தம் கசிவதையும் இது பெருமளவு தடுக்கிறது. மூளையதிர்ச்சியைத் தடுப்பதில் இதன் பயன் குறைவு. கழுத்துக்கோ, ஒரு காலத்தில், இதுவே ஆபத்தாகவும் முடிந்தது. தலைக்கவசத்தால் ஆட்டக்காரருக்குப் பாதுகாப்பு கூடியதா என்ற கேள்விக்கு எந்தக் காயத்தைப் பற்றிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

தொடக்கத்தில் இவ்வாட்டம் வெறுந்தலையோடுதான் ஆடப்பட்டது. 1893இல் தரைப்படை, கடற்படைக் கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டத்தில் ஜோசப் மேசன் ரீவ்ஸ் என்ற கடற்படை மாணவர், செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் சொல்லித் தைத்துக்கொண்ட தொப்பியோடு களமிறங்கினார். இன்னொரு உதை தலையில் பட்டால் சித்தம் கலங்கிவிடும் என்று மருத்துவர் அவரை எச்சரித்திருந்ததாகக் கூறுவர். பிற்காலத்தில் அவர் அட்மிரலாக உயர்ந்தார். 1905 பருவத்தில் மட்டும் சுமார் 18 பேர் ஆட்டத்தில் இறந்ததாகச் செய்திகள் வர, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அதன் பிறகு மாறியவை விதிகளே. 1906இல் பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்தது. கும்பலாக நெருக்கித் தள்ளும் ஆட்டமுறை தளர்ந்தது. தலைக்கவசம் கட்டாயமாவதற்கு இன்னும் பல ஆண்டுகள் ஆயின: கல்லூரி ஆட்டங்களில் 1939, தொழில்முறை என்.எஃப்.எல். போட்டிகளில் 1943.

1939இல் சிகாகோவின் ரிடெல் நிறுவனம் பிளாஸ்டிக் தலைக்கவசத்தைக் கொண்டுவந்தது. அதுவரை அணிந்துவந்த தோல் கவசம் மெல்ல மறைந்தது. 1950களில் முகக்கூண்டும் சேர்ந்தது. மூக்கும் பல்லும் தப்பின. ஆனால் தலையை முன்னே நீட்டி மோதத் தயங்கவைத்த வலியும் அதோடு போயிற்று. எதிராளியின் மார்பில் முகத்தைப் பதித்து மோதும்படி பயிற்சியாளர்களே கற்றுக்கொடுத்தனர். 1968இல் ஆட்டக் காயங்களால் நேரடியாக இறந்தவர்கள் 36 பேர், பெரும்பாலும் தலைக்காயங்கள்.

அதன் எதிர்வினையாக, விளையாட்டுக் கருவிகளுக்குத் தரம் வகுக்கும் தேசியக் குழு ஒன்று 1969இல் அமைந்தது. 1973இல் தலைக்கவசத்துக்கான தர அளவை வெளியிட்டது. போலித் தலை ஒன்றில் கவசத்தை மாட்டி, ஐந்து அடி உயரம் வரையிலிருந்து ரப்பர் திண்டின் மேல் விழவைத்து, உள்ளே தலைக்கு ஏற்படும் முடுக்கத்தை அளப்பதே சோதனை. மண்டையோட்டு முறிவை மனத்தில் வைத்து வகுத்த சோதனை இது. அந்த வேலையை நன்றாகவே செய்தது. மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. 1990 பருவத்தில் நேரடி மரணம் ஒன்றுகூட இல்லை.

அந்தக் குறைவு முழுவதையும் ஓட்டின் கணக்கில் எழுதிவிட முடியாது. கழுத்துக்காயங்களின் கதை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. தலையைச் சற்றுக் குனித்தால் கழுத்தெலும்பின் இயல்பான வளைவு நிமிர்ந்து நேர்கோடாகிறது. அந்த நிலையில் உச்சந்தலையால் மோதினால் கவசத்துக்குள் மண்டைக்கு ஒன்றும் ஆவதில்லை. முழு விசையும் கழுத்தெலும்பில் இறங்கி அதை நொறுக்குகிறது. மருத்துவர் ஜோசப் டோர்க் இத்தகைய காயங்களைத் தொகுத்து ஆராய்ந்தார். உச்சந்தலையால் குத்தி மோதுவது 1976இல் தடை செய்யப்பட்டது. அவருடைய பதிவேட்டின்படி, அந்தப் பருவத்தில் கைகால்கள் நிரந்தரமாகச் செயலிழந்தோர் 34 பேர், மறு ஆண்டு 18, 1984இல் 5. தலைக்கவசத்தால் வளர்ந்த ஆபத்தை விதிப்புத்தகத்தின் ஒரு வரி அடக்கியது.

மூளையதிர்ச்சி வேறு வகை. ஓடும் பேருந்து சட்டென்று நின்றால் உள்ளே நிற்பவர் முன்னே சாய்வதுபோல, தலை நின்ற பிறகும் மூளை மண்டைக்குள் நகர்கிறது. தலை சுழலும்போது திசுக்கள் முறுக்கி இழுபடுகின்றன. வெளியே எவ்வளவு கெட்டியான ஓடு இருந்தாலும் உள்ளே நடக்கும் இந்த அசைவை நிறுத்த முடியாது; திண்டுகளால் அதைச் சற்று மட்டுப்படுத்தலாம், அவ்வளவே. எந்தக் கவசமும் மூளையதிர்ச்சியை முற்றிலும் தடுக்காது என்ற எச்சரிக்கை தலைக்கவசங்களின் மேலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. 

வடிவமைப்பால் எவ்வளவு மட்டுப்படும் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 2014இல் வெளிவந்த, கல்லூரி ஆட்டக்காரர்களின் கவசங்களில் உணர்கருவி பொருத்தி நடத்திய ஆய்வில், ரிடெலின் பழைய மாதிரியைவிடப் புதிய மாதிரியில் மூளையதிர்ச்சி பாதிக்கும் மேல் குறைந்ததாகத் தெரிந்தது. அதே ஆண்டு வெளிவந்த, விஸ்கான்சின் மாநில உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த ஆய்வில் எந்த நிறுவனத்தின் கவசம், எத்தனை ஆண்டு பழையது என்பதால் வேறுபாடு எதுவும் தென்படவில்லை. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2011 முதல் தலைக்கவசங்களுக்கு நட்சத்திர மதிப்பீடு வழங்கி வருகிறது. வாங்குவோருக்கு அது உதவிதான்; ஐந்து நட்சத்திரம் என்றால் காயமே வராது என்று படித்துக்கொள்வது பிழை.

இதைவிடக் கடினமான சிக்கல், மயக்கமோ தலைசுற்றலோ தராத சிறு மோதல்கள். 2002இல் இறந்த பிட்ஸ்பர்க் அணியின் மைக் வெப்ஸ்டருடைய மூளையில் மருத்துவர் பென்னட் ஒமாலு கண்டறிந்த சிதைவு, சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோயைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. 2017இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னாள் என்.எஃப்.எல். ஆட்டக்காரர்கள் 111 பேரின் மூளைகளைப் பரிசோதித்து 110இல் அந்நோயைக் கண்டனர். அவை குடும்பத்தார் தானமாக அளித்தவை. அறிகுறி இருந்தவர்களின் மூளைகளே மிகுதியாக வந்திருக்கும் என்பதால், இந்த விகிதம் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் பொருந்தாது. ஆயினும் ஆண்டுக்கணக்கில் சேரும் சிறு மோதல்களே முதன்மைக் காரணம் என்ற கருத்து வலுத்துவிட்டது. அத்தகைய மோதல்களை வலியின்றித் தாங்கவைப்பதே தலைக்கவசம்.

இதனால் கவசத்தையே கழற்றிவிடலாம் என்று வாதிடுவோரும் உண்டு. ரக்பியில் கெட்டி ஓடு இல்லை என்பது அவர்களின் சான்று. ஆனால் ரக்பியிலும் மூளையதிர்ச்சி ஏராளம். நேருக்கு நேர் பாய்ந்து மோதும் இன்றைய அமெரிக்க ஆட்டத்தில் கவசத்தை நீக்கினால் பழைய மரணங்கள் திரும்பும். நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை நடுவழி ஒன்றைக் காட்டுகிறது: பயிற்சியில் சில நிமிடங்கள் மட்டும் கவசமின்றி டேக்கிள் (மோதி வீழ்த்துதல்) பழகியவர்களுக்கு, பருவ முடிவில் தலை மோதல்கள் 28 சதவீதம் குறைந்தன.

விதி மாற்றங்களும் தொடர்கின்றன. 2016இல் ஐவி லீக் கல்லூரிகள் தொடக்க உதையின் (கிக்-ஆஃப்) கோட்டை முன்னே நகர்த்தி, எதிரெதிரே முழு வேகத்தில் ஓடிவந்து மோதும் வாய்ப்பைக் குறைத்தன. ஆயிரம் தொடக்க உதைகளுக்குச் சுமார் 11ஆக இருந்த மூளையதிர்ச்சி 2ஆக இறங்கியது. என்.எஃப்.எல். அமைப்பும் 2024இல் தொடக்க உதையின்போது இரு அணியினரும் அருகருகே நிற்கும்படி விதியைத் திருத்தியது. தலைக்கவசத்தின் மேல் அணியும் மெத்தை உறையை ஆட்டங்களில் பயன்படுத்த ஆட்டக்காரர்களுக்கு அனுமதி கிடைத்ததும் அதே ஆண்டில்தான்.